வெட்டா, பெயிண்டா?

பிரிக்பீல்ட்ஸ்
12.3.1992

அன்புள்ள தனத்துக்கு,

நல்லம்மாள் எழுதுவது. நான் சுகம். நீயும் ரமணியும் மேருவில் சுகம்தானே? நாத்தனார் கடிதம் போட்டாலே ஏதோ வேலை வைக்கப் போகிறாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். உன் வீட்டில் போன் இல்லை. மளிகைக் கடைப் போனுக்கு அடித்தால் அரிசி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நம் கதை தெரிந்துவிடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாம் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள். எதிர்ப் பிளாட் ஜன்னலில் நின்று பார்த்தேன், அழுகைதான் வந்தது. ஆனால் கல்லை வீசவிடவில்லை. செங்கல் சூளையால் பேர் வாங்கிய ஊர் இது, அந்தக் கல்லுக்கே ஒரு மரியாதை செய்வோம் என்று எங்கள் குடியிருப்பாளர் குழுவில் முடிவு. குணபூசணி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், ஆர்க்கிடெக்ட், படம் வரைந்து கொடுத்திருக்கிறாள். திடலில் நீளமாக ஒரு சுவர். இடித்த கல்லிலேயே கட்டுவது. மேலே பழைய ஓடு, முன்னால் உட்காரத் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை. ஒவ்வொரு வீட்டுக் கல்லுக்கும் ஒரு வரிசை. நம் வரிசையை நீ பார்த்ததும் சொல்லிவிடுவாய், எல்லாம் அடுப்படிக் கல், கரி இன்னும் போகவில்லை.

கல்லில் அந்தந்த வீட்டில் இருந்தவர்கள் பேர் வரும். அதில்தான் சண்டை. குணபூசணி எல்லார் பேரையும் உளியால் வெட்டலாம் என்றாள். உடனே வள்ளியம்மா எழுந்து, "உசிரோட இருக்கிறவ பேர கல்லுல வெட்டுவீங்களா? எனக்குக் கருமாதிக்கு நாள் பாத்தாச்சா?" என்று ஆடித் தீர்த்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முகமே செத்துப்போச்சு. கடைசியில் இப்படி முடிவு: செத்தவர்கள் பேர் வெட்டு, அதற்கு மேலே சின்னதாக ஒரு விளக்கு மாடம். உயிரோடு இருப்பவர்கள் பேர் வெள்ளைப் பெயிண்ட்.

நம் வரிசையில் அப்பா நாகையா, அம்மா இராஜம்மா, வெட்டு. நான், நீ, ரமணி, பெயிண்ட். சரிதானே? ஜூன் கடைசியில் திறப்பு. நம் ரமணிக்குப் பேசிய செராஸ் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள், நாள் குறித்தாகிவிட்டதா என்று எழுது.

அன்புடன்,
நல்லம்மாள்


மேரு, கிள்ளான்
20.3.1992

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தனலெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம், அதனால் கை மட்டும் வெந்துபோய்க் கிடக்கிறது. உங்கள் முட்டி வலி குறைந்ததா?

சுவர் கட்டுவது சந்தோஷம். ஆனால் உங்கள் தம்பி பேர் எங்கே? அந்த வீட்டில் பிறந்தவர் அவர். என்னை அந்த வீட்டுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். மருமகள் பேர் இருக்கிறது, மகன் பேர் இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று சொல்லாதீர்கள், நீங்கள் மறக்கிற ஆள் இல்லை.

ரமணி ஸ்டாண்டர்ட் ஒன் சேர்ந்த வருஷம், துறைமுக ரோட்டில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. கடலில் விழுந்திருக்கலாம் என்றார்கள். 'லாம்' போட்ட சாவுக்கு நான் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அன்றைக்கே உங்கள் அம்மா முன்னால் சொன்னேன். இன்றைக்கும் அதுதான். ஆகையால் பழனியப்பன், பெயிண்ட். தயவுசெய்து சேருங்கள்.

மாப்பிள்ளையின் அப்பா ராதாகிருஷ்ணன் போன வாரம் வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காப்பியைக் குடித்துவிட்டு, "ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? கார்டுல என்ன போடறது?" என்று கேட்டார். ரமணியிடம் கோப்பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்படிக்கு,
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
2.4.1992

அன்புள்ள தனத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அது என்னோடுதான் போகும். கைக்குத் தேங்காய் எண்ணெய் போடு.

தம்பி பேரை மறக்கவில்லை. வெட்டா பெயிண்டா என்று தெரியாத பேரை எப்படிப் போடுவது? அதனால் விட்டேன். நீ பெயிண்ட் என்கிறாய். சரி, பெயிண்ட் அடித்தாகிவிட்டது என்று வை. பார்க்கிறவன் சும்மா இருப்பானா? ஆள் உயிரோடு இருக்கிறானே, எங்கே, எந்த ஊர், யாரோடு என்று கிளறுவான். ராதாகிருஷ்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், திறப்புக்குக் கட்டாயம் வருவார். ஓடிப்போனவன் மகள் என்று ஒரு வாய் சொன்னால் போதும் தனம். பிள்ளை கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வாய்?

நான் சொல்வதைக் கேள். கார்டில் 'அமரர் பழனியப்பன்' என்று போட்டுவிடு. யாரும் உன்னிடம் சர்டிபிகேட் கேட்கப் போவதில்லை. காரியம் அழகாக முடியும். சுவரில் அவன் பேர் வேண்டாம். வரிசையில் இடமும் இல்லை.

ரமணிக்கு என் அன்பைச் சொல். சேலை எடுக்க வரும்போது இங்கேயே தங்குங்கள்.

அன்புடன்,
நல்லம்மாள்


மேரு
9.4.1992

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை ரமணி இல்லாத நேரத்தில் படித்தேன். நல்லவேளை. கார்டில் சாகலாம், சுவரில் சாகக் கூடாதா? கார்டு கல்யாணம் முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகும், சுவர் நிற்கும், அதுதான் வித்தியாசமா? காகிதத்தில் அவரைக் கொல்ல உங்களுக்கு மனம் வருகிறது. கல்லில் வரவில்லை. ஏன் அக்கா?

எனக்கு இரண்டிலும் மனம் வரவில்லை. இத்தனை வருஷம் கோயிலில் குங்குமம் கொடுக்கும்போது ஐயர் என் முகத்தைப் பார்த்துத் தயங்குவார். நான் கையை நீட்டிக்கொண்டே நிற்பேன், கடைசியில் கொடுத்துவிடுவார். அப்படிப் போராடி வைத்த பொட்டு இது. ராதாகிருஷ்ணனிடம் ஓடிப்போனவர் என்றே சொல்லிவிடுகிறேன். அதற்காக வேண்டாம் என்றால் போகட்டும். என்றைக்காவது அவர் அந்தத் திடலுக்கு வந்து நின்றால் தன் பேரைப் பெயிண்டில் பார்க்கட்டும். வீட்டில் தன்னை எதிர்பார்த்தார்கள் என்று தெரியட்டும்.

இடம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அடுப்படிச் சுவர் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், நான்தான் அதற்குச் சுண்ணாம்பு அடித்தவள்.

இப்படிக்கு,
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
30.4.1992

அன்புள்ள தனத்துக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. உடம்பு சரியில்லை. தலைச்சுற்றல் என்று கிளினிக்குக்குப் போனேன், இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. பலகாரம் கிடையாது. உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் சொல்லு! நம் குடும்பத்தைப் பிடித்த பீடை அது. அப்பா அதில்தான் போனார். எனக்கும் வந்தாச்சு. தம்பிக்கும் அந்தக் கால் புண் ஆறாமல் படுத்துகிறது, சொன்னால் கேட்டால்தானே. ரமணியை இப்போதே கவனமாகப் பார்த்துக்கொள், போத்தல் கலர்த் தண்ணியெல்லாம் குடிக்க விடாதே.

சுவர் இடுப்பு உயரம் ஏறிவிட்டது. பார்க்க அம்சமாக இருக்கிறது. மழை பெய்தால் கல் ரத்தச் சிவப்பாகிவிடுகிறது. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். வள்ளியம்மா தன் பெயிண்ட் பேருக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மற்ற விஷயம் நான் முன்பு சொன்னதுதான். பிடிவாதம் பிடிக்காதே. பெரியவள் சொன்னால் காரணம் இருக்கும்.

அன்புடன்,
நல்லம்மாள்


மேரு
5.5.1992

அக்காவுக்கு,

வணக்கம். இனிப்பு நீர் என்று அறிந்து வருத்தம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தம்பிக்குக் கால் புண் படுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்தியது என்று இல்லை. படுத்துகிறது. அவர் போனபோது முப்பது வயசு. அவர் காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது, நான் எண்ணெய் தேய்த்துவிட்ட கால் அது. எந்தப் புண் அக்கா? யார் சொல்லி யார் கேட்பதில்லை?

கை தவறி எழுதிவிட்டீர்கள் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஷினில் கையுறை கிழிந்து சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கே, யாரோடு, எதுவும் வேண்டாம். ஒரே கேள்வி. வெட்டா, பெயிண்டா?

தனலெட்சுமி


மேரு
25.5.1992

அக்காவுக்கு,

வணக்கம். பதில் வரவில்லை. தபால்காரன்மேல் பழி போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. வள்ளியம்மா மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லம்மாவா? டெங்கிலுக்குப் போயிருக்கு. மாசா மாசம் போவுமே லா, உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். டெங்கிலில் நமக்கு யார் இருக்கிறார்கள் அக்கா?

திடலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். உங்கள் அம்மா பேரை அழகாக வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு கல் வெறுமனே இருக்கிறது. இடம் இல்லை என்றீர்களே.

ராதாகிருஷ்ணன் மறுபடி கேட்டுவிட்டார். கார்டு அச்சுக்குப் போகவேண்டும்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
1.6.1992

தனத்துக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு முருகனை வேண்டுகிறேன்.

நீ கேட்டபடியே ஆகட்டும். பெயிண்ட். குணபூசணியிடம் சொல்லிவிட்டேன்.

இதற்கு மேல் என்னைக் கேட்காதே. ரமணி கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.

நல்லம்மாள்


மேரு
6.6.1992

அக்காவுக்கு,

வணக்கம். பதில் கிடைத்தது. அந்த ஒரு வார்த்தை போதும்.

உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்த பிறகுதான் எழுந்தேன். அப்புறம்தான் தூரத்தைக் கணக்குப் போட்டேன். டெங்கிலுக்கும் மேருவுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ரமணிக்கு அம்மை போட்டபோது வந்திருக்கலாம். உங்கள் அம்மா கண் மூடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அன்றைக்காவது வந்திருக்கலாம். செத்திருந்தால் வர முடியாது. நான் அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்துகொண்டு, அப்படியும் இருக்காது என்று பொட்டு வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் கிடந்தேன்.

கடைப் போனிலிருந்தே குணபூசணியைக் கூப்பிட்டேன். கடையில் எல்லாரும் கேட்டார்கள், கேட்கட்டும். பெயிண்ட் வேண்டாம், வெட்டுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை பயந்துவிட்டது. "அக்கா, நல்லா யோசிச்சோ சொல்லுறியள்? வெட்டினால் பிறகு அழிக்கேலாது" என்றது. "அழிக்கிறதுக்கா வெட்டச் சொல்றேன்" என்றேன். புருஷன் பேருக்கு மனைவி சொல்வதுதான் கணக்காம், குழுவின் விதி. நீங்களும் அந்தக் குழுவில்தானே இருக்கிறீர்கள்.

கார்டும் அச்சுக்குப் போய்விட்டது, அமரர் என்று போட்டு. நீங்கள் சொன்ன யோசனைதான்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
12.6.1992

தனம்,

வேண்டாம் தாயி. உன் காலில் விழுகிறேன். கார்டில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். கல்லில் வேண்டாம். உசிரோடு இருக்கிறவன் பேரில் உளி படக் கூடாது. அவனுக்கு ஏற்கனவே கால் புண் மேலே ஏறிக்கொண்டு வருகிறது, விரலை எடுக்கவேண்டும் என்கிறார்கள். மாடத்தில் விளக்கும் ஏற்றிவிட்டால் அவன் தாங்கமாட்டான், எனக்குத் தெரியும்.

அவனுக்கு அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயசுகூட ஆகவில்லை. அங்கே அவனோடு இருக்கிற பெண்ணுக்கு உன்னைப் பற்றித் தெரியாது. அவளைச் சபிக்காதே. அவனைச் சபி, என்னைச் சபி. கூடப்பிறந்தவன் வாசலில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? உன்னிடம் சொன்னால் அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும், சொல்லாவிட்டால் நீ காத்திருப்பாய். நீ திடமானவள், காத்திருப்பாய் என்று விட்டேன்.

திறப்புக்கு நான் வரமாட்டேன். அந்தக் கல்லை என்னால் பார்க்க முடியாது. இன்னும் நாள் இருக்கிறது. ஒரு போன் பண்ணி வேண்டாம் என்று சொல். உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நல்லம்மாள்


மேரு
30.6.1992

அக்காவுக்கு,

வணக்கம். உங்களுக்கு இனிப்பு நீர் ஏறிப் படுக்கையில் இருப்பதாக வள்ளியம்மா சொன்னாள். கஞ்சி மட்டும் குடித்து ஓய்வாக இருங்கள். திறப்புக்கு நீங்கள் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன் பண்ணலாமா என்று ஒரு நாள் கடை வாசல்வரை போனேன். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் போனேன். நான் திடமானவள், காத்திருப்பேன் என்று எழுதியிருந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது. ஒரு டின் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சுவர் அழகாக இருக்கிறது. நிறையக் கூட்டம். ராதாகிருஷ்ணன் குடும்பத்தோடு வந்து சிலிப்பர் கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். நம் வரிசையில் பேரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஆவணியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார். தாரை வார்க்க நானே நிற்பேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி லா, நீங்கதானே வளத்தீங்க" என்றார். தாலியைக் காலையிலேயே கழற்றிக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். வள்ளியம்மா கண் என் நெற்றியிலேயே இருந்தது. "பொட்டோட வந்திருக்கியே தனம்?" என்றாள். "இது எங்கம்மா வெச்சு விட்டது அக்கா. அவரு கொண்டாந்தது இல்ல" என்றேன்.

நம் வீட்டு முறை வந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு ஏற்றினேன். மூன்றாவது மாடத்துக்கு எண்ணெய் ஊற்றும்போது கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்மண்டை வழுக்கை, ஒரு காலில் துணிக் கட்டு, மடியில் தொப்பி. நீங்கள்தான் நாள் சொல்லியிருப்பீர்கள், வந்து தடுக்கட்டும் என்று. வள்ளியம்மா அவரை உரசிக்கொண்டு போனாள், அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தீக்குச்சியை உரசினேன். அவர் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், என்ன செய்திருப்பேனோ தெரியாது. தீக்குச்சி எரிந்து விரல்வரை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த குச்சியில் ஏற்றிவிட்டேன்.

பிறகு குழுத் தலைவர் மைக்கில் வெட்டிய பேர்களை எல்லாம் வாசித்தார். அமரர் நாகையா, அமரர் இராஜம்மா, அமரர் பழனியப்பன். எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம் என்றார். திடலே எழுந்து நின்றது. அவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டு, தன் பேருக்குத் தானே, மற்றவர்களோடு நின்றார். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, மறைக்குது, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தார்.

ரமணிக்குச் சின்ன வயசில் பார்த்த ஞாபகம் மங்கிவிட்டது, பழைய போட்டோ முகம்தான் தெரியும். அவள் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். நான் தடுக்கவில்லை. "அங்கிள், எடுத்துக்குங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. எடுத்துக்கொண்டார். வாயில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

அவள் திரும்பி வந்து, "யாரும்மா அவரு? என்னையே பாத்துக்கிட்டிருக்காரு" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. செத்தவருக்கு வேண்டப்பட்டவரா இருப்பாரு" என்றேன்.

தனலெட்சுமி